மெதுவாகப் பாடிய முக்குளிப்பான்

பியூலா பையின் ஜிப்பைத் திறந்து மடிக்கணினி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூடினாள். எங்கே போய்விடப் போகிறது அது, நாகர்கோவிலிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் தலைக்கடியில் வைத்துக்கொண்டு வந்தது, கிண்டியில் இந்த மூன்றாம் மாடி ஏசிக் குளிரில் கால் முளைத்து இறங்கி ஓடிவிடுமா என்ன. ஓடினால்கூட நல்லதுதான் என்று இப்போது தோன்றியது. சற்று முன்பு வரை அப்படித் தோன்றவில்லை. சற்று முன்பு வரை அவளுடைய பயமெல்லாம் தன் வாயைப் பற்றித்தான்: உள்ளே கூப்பிட்டதும் எந்தக் கேள்விக்கும் ‘ஆமா சார்’, ‘இல்ல சார்’ என்ற இரண்டு பதில்தான் வரும், அதுவும் இடம் மாறி வரும். கொண்டுவந்த பாட்டைப் பற்றித் துளி பயமும் இருந்ததில்லை. பாட்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தாள். செல்போன் விளையாட்டுகள் செய்கிற கம்பெனி இது. இசை போட ஓர் ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். பட்டம் கிட்டம் எதுவும் கேட்கவில்லை. ஆரம்ப காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஏதாவது ஒன்றின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன நன்றாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், அதையே உங்கள் கையால் புதிதாகச் செய்துகொண்டு நேரில் வாருங்கள், அவ்வளவுதான். ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா அதே வரவேற்புப் பாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அலுத்திருந்தவளை அந்த விளம்பரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. இந்த வேலை வேண்டும். வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அம்மாவிடம் மட்டும்தான், அதுவும் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில்.

எதிர் சோபாவில் இருந்த இம்தியாஸும் இதே வேலைக்கு வந்தவன்தான். ஆம்பூர்க்காரன், கூச்சம் என்ற வார்த்தையையே கேள்விப்படாதவன் போலப் பேசினான். சற்று முன்பு அவன்தான் ஆரம்பித்தான்: “நீங்க எந்த கேமுங்க எடுத்தீங்க?” பெயர் தெரியாது, கேசட் மேல் ஜப்பானிய எழுத்துதான் இருக்கும், முத்துக் குளிக்கிற ஒருவன் கடலுக்குள் போவான், நாங்கள் வீட்டில் முக்குளிப்பான் என்போம் என்று அவள் துண்டு துண்டாகச் சொல்லி முடிப்பதற்குள் அவன் போனில் எதையோ தேடி எடுத்து, “மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குதிப்பானே, மஞ்சத் துண்டு கட்டிக்கிட்டு, இவனா?” என்று திரையை அவள் பக்கம் திருப்பினான். அவனேதான். இருபது வருஷத்துக்குப் பிறகும் அதே மஞ்சள் துண்டு, அதே நீலக் கட்டம் கட்டமான கடல். அப்புறம் பாட்டு வந்தது. வந்த வேகத்தில் ஓடியும் போனது. “செம ஜாலியான பாட்டுங்க. கல்யாண வீட்ல பந்தி போட்டாச்சுன்னதும் ஒரு ஓட்டம் ஓடுவாங்க பாருங்க, அந்த மாதிரி.” “ஸ்பீடு மாத்தியிருக்காங்க,” என்றாள் அவள். “யாரு?” “நெட்ல போட்டவங்க.” “இல்லீங்களே, ஜப்பான் மெஷின்லயே ஓட்டிப் புடிச்சதுன்னு கீழ எழுதியிருக்கான்.” அவன் இன்னொரு முறை போட்டான். முக்குளிப்பான் இன்னொரு முறை பந்திக்கு ஓடினான். அவள் சிரித்தாள், அல்லது சிரிப்பு வேண்டிய இடத்தில் உதட்டை வைத்தாள். அதற்குள் வரவேற்பு மேஜைப் பெண் நிமிர்ந்து பார்க்க, அவன் போனை அணைத்துவிட்டான்.

ஜப்பான் மெஷின். அதில்தான் அவள் நினைப்பு மாட்டிக்கொண்டது, சேலை முந்தானை ஆணியில் மாட்டுவது போல. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வந்தால் கிழியும். அந்தக் காலத்து மெஷின்களுக்குக் கடிகாரம் பார்த்துப் பாடத் தெரியாது. டிவி திரை ஒரு தடவை மின்னி முடிந்தால் பாட்டு ஓர் அடி எடுத்துவைக்கும். ஜப்பானில் திரை நொடிக்கு அறுபது தடவை மின்னும். நம் ஊரில் ஐம்பது. அவள் வீட்டு மெஷினை அப்பா வாங்கிய குவைத்திலும் ஐம்பதுதான். அறுபதுக்கு எழுதிய பாட்டை ஐம்பதில் ஓட்டினால் சுருதி இறங்காது, குரல் கெடாது, ஆகவே யாருக்கும் சந்தேகமும் வராது. நடை மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிடும். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? அனுப்பிய பக்கத்தில் இரண்டாவது பத்தியே இதுதானே. ஐரோப்பாவில் எழுதிய பாட்டு அமெரிக்காவில் எப்படித் தலைதெறிக்க ஓடும் என்றெல்லாம் விஸ்தாரமாக எழுதியிருந்தாளே. தன் வீட்டு டிவியும் ஒரு டிவிதான், அதுவும் ஏதோ ஒரு கணக்கில்தான் மின்னியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது. பல்லியாவது உடனே செத்துப்போகும். இவள் ஏசி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நினைத்துப் பார்க்க வேண்டும். ‘இந்த இசையமைப்பாளர் அவசரப்படாதவர்.’ எழுதியிருந்தாள். ‘ஒவ்வொரு ஸ்வரத்தையும் விட மனமில்லாமல் விடுகிறார்.’ ஐயோ, அதையும் எழுதியிருந்தாள். விட மனமில்லாதது அவருக்கல்ல, அவள் ஊரில், குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கோ இருந்த மின்சார டிரான்ஸ்பார்மருக்கு. அதுவும்கூட இல்லை. டிரான்ஸ்பார்மர் என்ன பாவம் செய்தது.

எழுதியதில் பொய் இல்லாத இடங்களும் உண்டு என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அந்த மெஷினுக்கு இருந்தது மூன்றே குரல். தேனீ ஒன்றைத் தகர டப்பாவில் அடைத்த மாதிரி மூன்று குரல்கள், ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரத்துக்கு மேல் கிடையாது. மேல்குரல் பாட்டைப் பாடும். கீழ்க்குரல் அடியில் நடக்கும். நடுவில் மாட்டிய குரல்தான் பாவம், ஒரே சர்வர் மூன்று மேஜைக்கும் ஓடுகிற மாதிரி, ச-வைத் தொட்டு, க-வைத் தொட்டு, ப-வைத் தொட்டு, மறுபடி ச-வுக்கு வந்து, இத்தனை வேகமாக ஓடுவதால் கேட்கிற காதுக்கு மூன்று பேர் சேர்ந்து நிற்பதாகப் படும். கோயில் பாடகர் குழுவில் அவள் ஆல்டோ, நடுவில் நிற்கிற குரல். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது எவரும் முணுமுணுக்காத குரல் அது. ஒரு ஞாயிறு அவள் போகாவிட்டால், ‘இன்னிக்கு என்னமோ சரியில்லையே’ என்பார்களே தவிர ‘பியூலா வரல்லியா’ என்று கேட்க மாட்டார்கள். அதனாலேயே அந்த நடுக்குரலின் ஓட்டம் அவளுக்குச் சின்ன வயதிலேயே தனியாகக் கேட்டது. அதைப் பற்றி எழுதியது சரி. தாளத்தைப் பற்றி எழுதியதும் சரி: தட்டுவதற்குத் தனி ஆள் இல்லாததால் கீழ்க்குரலே ஒரு கணம் பாட்டை விட்டுவிட்டு ‘ஷ்’ என்று ஓர் அடி அடித்துவிட்டுத் திரும்பி வரும். அந்த ஒரு கணம் பாட்டுக்கு அடித்தளம் இல்லை. அங்கேதான் வழுக்கினாள். அந்த இல்லாத கணத்தைத்தான் பக்கத்தின் உச்சியில் ஏற்றி வைத்திருந்தாள். ‘தாங்க வேண்டியவர் திடீரென்று இல்லாமல் போகும் இந்த இடைவெளியில், இசையமைப்பாளர் தன் துக்கத்தை ஒளித்து வைத்திருக்கிறார்.’ இம்தியாஸின் போனில் அந்த இடைவெளி எங்கே? இல்லவே இல்லை. அறுபதில் ஓடும்போது கீழ்க்குரல் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. துள்ளலாக ஓர் அடி மட்டும்தான் கேட்டது. வீட்டில் கேட்டபோது மட்டும் அந்தப் பள்ளம் அவ்வளவு பெரியதாக, கால் வைத்தால் முழங்கால் வரை போகிற மாதிரி இருந்தது. அந்த விளையாட்டில் யாருடைய பெயரும் போடவில்லை என்பதால் இசையமைப்பாளர் என்று அவளே ஓர் ஆளை உண்டாக்கியிருந்தாள்: ஒல்லி, மூக்குக் கண்ணாடி, வேலை முடிந்து எல்லோரும் போன பிறகும் தனியாக உட்கார்ந்திருப்பவர். அவருடைய மனைவியைச் சாகடித்துவிட்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய காரியம். அந்த மனுஷன் ஒருவேளை பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிட்டு ஏப்பம் விட்டு, நாளைக்குள் ஒரு குதூகலமான பாட்டு வேண்டும் என்று முதலாளி சொன்னதால் எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

அப்படியானால் அந்தத் துக்கம் யாருடையது? அவள் பொய்யாக உணரவில்லை. அதை மட்டும் அடித்துச் சொல்ல முடியும். அப்பா குவைத்தில் மின்சாதனக் கடையில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்தபோது, எழுத்துக்கட்டைகளில் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் அரபியும் அச்சடித்திருந்த அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். போன கொஞ்ச நாளில் அங்கே ஈராக் ராணுவம் நுழைந்தது. போன் இல்லை, தபால் இல்லை, எப்போதும் வருகிற எதுவும் இல்லை. அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முக்குளிப்பான். விளையாடக்கூட வேண்டாம், கேசட்டைச் செருகி மெஷினைப் போட்டால் பெயர்ப் பலகை வரும், பாட்டு வரும், பொத்தானை அழுத்தாத வரை சுற்றிச் சுற்றி அதே பாட்டுதான். அம்மா அதை அணைக்கவே விடமாட்டாள். அம்மா அரிசி களைகிற சத்தம், டிவியின் மேல் போட்டிருந்த பூத்தையல் துணியின் தூசி வாசனை, தொட்டால் கை மயிரை இழுக்கிற கண்ணாடி, பின்னால் அந்த மூன்று தேனீக்கள். அம்மா வந்து வாசலில் நின்று டிவியைப் பார்ப்பாள். டிவியையா பார்த்தாள்? முகம் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அப்புறம் அப்பா வந்தார். ஜோர்டானில் அம்மான் நகரம் வரை போய் விமானம் ஏறி, பம்பாய் வந்து, ரயிலில் நின்றபடி ஊர் வந்து, தாடியும் யாரோ கொடுத்த சட்டையுமாக. உயிரோடு வந்தார், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பேஸ், அந்தக் கீழ்க்குரல், பாடுகிறார், சாயங்காலம் கடலைமிட்டாய் தின்று திட்டு வாங்குகிறார். நடக்காத ஒரு சாவுக்கு இவ்வளவு நாளும் ஒரு பாட்டைத் துணைக்கு வைத்திருந்திருக்கிறாள். அந்தப் பாட்டோ சாவு வீட்டுக்கு வந்ததே இல்லை, பந்திக்கு வந்தது.

“பியூலான்னா கிறிஸ்டியன்தானே? எனக்கும் சேத்து ஒரு ஜெபம் போட்டுருங்க,” என்று சொல்லிவிட்டு இம்தியாஸ் எழுந்து போனான், அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதே அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கதவு மூடியது. உள்ளே ஏதோ ஒரு பாட்டு மங்கலாகக் கேட்டது, அப்புறம் சிரிப்பு. அவனோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, அவன் இப்போதே சொல்லிவிட்டானா, வெளியே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பந்திப் பாட்டை ஒப்பாரியாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று? சேச்சே, அப்படிப்பட்டவனாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இசைக்கே ஆள் எடுக்கிறவர்களுக்கு ஐம்பதும் அறுபதும் தெரியாதா? அவள் பக்கத்தைப் படித்த அன்றைக்கே ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார், டீ குடித்துக்கொண்டே, ‘துக்கத்தை ஒளித்து வைத்திருக்கிறாராம்’ என்று. பிறகு எதற்காகக் கூப்பிட்டார்கள்? பார்ப்பதற்கா? காது கொதித்தது. பேசாமல் எழுந்து போய்விடலாம். தாகம், தண்ணீர் குடிக்கப் போனேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அல்லது உட்கார்ந்த இடத்திலேயே மடிக்கணினியைத் திறந்து வேகத்தை மட்டும் கூட்டிவிடலாம், ஓர் எண்தான். ஆனால் மூன்று குரலோடு நிறுத்தினாளா அவள்? நிறுத்தவில்லையே. மேலே வயலின்களை இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறாள், தூரத்தில் ஒரு மணி, எல்லாவற்றுக்கும் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலி. அத்தனையும் மெதுவான நடைக்கு அளவெடுத்துத் தைத்தது. வேகம் கூட்டினால் பட்டுப்பாவாடையோடு ஓட்டப்பந்தயம் ஓடின கதையாகிவிடும். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதுதான் பாதுகாப்பானது: ஒன்றும் தெரியாதது போலப் போய், கொண்டுவந்ததைப் போட்டு, எழுதியதையே வாயால் சொல்வது. யாரும் கேட்காவிட்டால் வேலை கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தால், அப்புறம் தினமும் காலையில் அந்தச் செத்துப்போன ஜப்பானியப் பெண்ணைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

கை தானாகவே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டிருந்தது. “என்ன மக்ளே, முடிஞ்சுதா?” “இல்லம்மா, இன்னும் கூப்பிடல. அம்மா, அந்த முக்குளிப்பான் பாட்டு இருக்குல்லா, அது சோகப் பாட்டா, சந்தோஷப் பாட்டா?” “இதைக் கேக்கதுக்கா போன் பண்ணுன? நான் மீன் பொரிச்சுட்டு இருக்கேன்.” “சொல்லும்மா.” “சோகமா? நல்ல கதை. அதுக்கு நீ கிடந்து என்ன ஆட்டம் ஆடுவ. பாவாடையைத் தூக்கிச் சொருகிட்டு, கட்டில்ல ஏறிக் குதிச்சு, மூக்கைப் பிடிச்சிட்டு கீழ விழுவ. கட்டில் பலகை எப்படி ஒடிஞ்சுதுன்னு நினைச்ச? அப்பா வந்து மொதல் வேலையா அதைத்தான் தச்சாவ.” பியூலாவுக்கு அந்தக் கட்டில் நினைவிருந்தது, பலகையில் அடித்த ஆணியின் தலைகூட நினைவிருந்தது, தான் ஆடியது நினைவில்லை. எவ்வளவு தேடியும் அந்த அறைக்குள் ஆடுகிற ஒரு பிள்ளை வரவில்லை, வாசலில் நின்ற அம்மா மட்டும்தான் வந்தாள். “நீ சிரிச்சியா? நான் ஆடும்போது?” “யாருக்கு நினைவிருக்கு. நின்னு பாப்பேன்.” “அப்ப ஏன் அதை அணைக்கவே விடல்ல?” எண்ணெய் சடசடவென்று வெடிக்கிற சத்தம் வந்தது, அம்மா கரண்டியால் மீனைத் திருப்பினாள், இன்னொன்றையும் திருப்பினாள். “அணைச்சா, அப்பா எங்கம்மான்னு கேப்ப. ஆடிட்டு இருந்தா கேக்க மாட்ட.” பிறகு, “தீயுது, வைக்கட்டா? பயப்படாம பேசு, கேட்டியா,” என்று வைத்துவிட்டாள். பியூலா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இம்தியாஸ் வெளியே வந்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, அவள் போனில் இருப்பதாக நினைத்துச் சத்தமில்லாமல் ‘ஆல் தி பெஸ்ட்’ என்று வாயசைத்துவிட்டுப் படியிறங்கினான். ஆடியது ஐம்பதில்தான். அந்தத் தளர்ந்த நடைக்குத்தான் கட்டில் ஒடிந்தது. அப்படியானால் மெதுவாகப் போனதால் பாட்டு அழவில்லை. அழுதது பாட்டே இல்லை. வாசலில் நின்ற ஒருத்தியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைதான் அந்தத் துக்கத்தைப் பாட்டின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது, ஆடிக்கொண்டே. வரவேற்புப் பெண் இரண்டாம் தடவை பெயரைச் சொன்ன பிறகுதான் அவள் எழுந்தாள்.

உள்ளே நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர்தான் இருந்தார், கோமதிநாயகம் என்று சொல்லிக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் கண்ணாடி, பேச்சில் திருநெல்வேலி இன்னும் முழுசாகக் காயவில்லை. “உக்காரும்மா. படிச்சேன். மூணு குரலைப் பத்தி எழுதினது நல்லாருந்துச்சு. அந்தத் துக்கம்...” என்று கண்ணாடியைத் தேடினார். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. “அது அவரோடது இல்ல சார்.” “எவரோடது?” “பாட்டுப் போட்டவரோடது. அவர் ஜாலியாத்தான் போட்டிருக்காரு. அறுபதுல ஓட வேண்டியது. எங்க டிவில ஐம்பதுல ஓடிச்சு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், வெளிய உக்காந்திருக்கப்ப. நான் எழுதினது தப்பு.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். சிரிப்பாரோ என்று அவள் மேஜை ஓரத்தைப் பார்த்தாள். “அப்போ துக்கம் யாரோடது?” “எங்க வீட்டோடது.” “சரி, அது போகட்டும். என்ன நல்லாருக்குன்னுதான் கேட்டிருந்தோம். இப்ப என்ன சொல்லுதீங்க, நல்லாருக்கா இல்லியா?” வாய்க்கு முதலில் ‘ஆமா சார்’ மட்டும்தான் வந்தது, வழக்கம்போல. ஆனால் அதற்குப் பின்னால் இந்த முறை ஏதோ நின்று தள்ளியது. “நல்லாருக்கு சார். ஓடுறதுக்குப் போட்ட பாட்டு, நடக்க விட்டா விழுந்துரணும். இது விழல்ல. நான் அதுக்கு ஆடவும் செஞ்சிருக்கேன், அழவும் செஞ்சிருக்கேன், ரெண்டுக்கும் எடம் இருந்திருக்கு. மூணே குரல்ல. அதான் நல்லாருக்குன்னு நினைக்கேன்.” இவ்வளவு நீளமாக அந்நியர் ஒருவரிடம் அவள் பேசியதே இல்லை, பேசி முடித்ததும் யாரோ பேசிவிட்டுப் போன அறை போல இருந்தது. “போடுங்க,” என்றார் அவர். “எந்த வேகத்துல போடப் போறீங்க?”

மடிக்கணினியைத் திறந்தாள். விரல் குளிர்ந்திருந்தது. எண்ணை அழித்தாள், பாட்டுப் போட்டவருடைய வேகத்தின் எண்ணை எழுதினாள், போட்டாள். நினைத்ததைவிட மோசமாக இருந்தது. வில் தொட்டு ஒலி எழுவதற்குள் அடுத்த ஸ்வரம் வந்து இடித்தது, வயலின்கள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்தன, தூரத்து மணி பக்கத்து வீட்டுப் பால்காரன் மணியாகிவிட்டது, எதிரொலியில் எல்லாம் சேர்ந்து சந்தைக் கூச்சல். கோமதிநாயகம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், வந்தேவிட்டது. நிறுத்தாமலே வயலின்களை அணைத்தாள். மணியை அணைத்தாள். எத்தனை ராத்திரி உட்கார்ந்து சேர்த்ததெல்லாம் ஒரு தொடுதலில் ஒவ்வொன்றாகப் போனது, கடைசியாக எதிரொலியும் போனது. அடியில் அவள் மாற்றாமல் விட்டிருந்த மூன்று தேனீக்கள் மட்டும் மிஞ்சின, காய்ந்து, பளிச்சென்று, தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டு. கீழ்க்குரல் போய்ப் போய் வந்தது, பள்ளம் தெரியவில்லை. நடுக்குரல் மூன்று மேஜைக்கும் ஓடியது. அதற்கு மூச்சிரைக்கவே இல்லை என்பதை அவள் இப்போதுதான் கேட்டாள். அது கஷ்டப்பட்டு ஓடவில்லை, அதற்கு ஓடப் பிடித்திருந்தது. பாட்டு முடிந்து முதலுக்குத் திரும்பியது. “போதும்மா, புரிஞ்சுது. நிறுத்திக்கலாம்,” என்றார் கோமதிநாயகம், எதையோ எழுதுவதற்காகப் பேனாவை எடுத்துக்கொண்டே. யார் எதைச் சொன்னாலும் உடனே சரி என்று சொல்லிப் பழகிய பியூலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னும் ஒரு சுத்து, சார்,” என்றாள்.